ஒரு ரெக்கார்டுக்குத்தான் காசு: ஈகிள்ஸா, பரிட்டோ பிரதர்ஸா?

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, கன்ட்ரி ராக் கேட்டுப் பழகணும்னு ஆசை. இப்போதைக்கு ஒரு ரெக்கார்டுக்குத்தான் கையில காசு. நல்லா வித்ததை வாங்கவா, பாட்டுக்காரங்க எல்லாம் தலையில வச்சுக் கொண்டாடுறதை வாங்கவா?"

அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியையும் ராக்கையும் கலந்ததுதான் கன்ட்ரி ராக். கேள்விக்குள்ளேயே இரண்டு பெயர்கள் இருந்தன. விற்றது என்றால் ஈகிள்ஸ். கொண்டாடப்படுவது என்றால் ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸும் அதன் பாடகர் கிராம் பார்சன்ஸும். இரண்டு குழுக்களும் லாஸ் ஏஞ்சலஸில் மூன்று வருட இடைவெளியில் முளைத்தவை. ஒரே கிடார்க்காரர் இரண்டிலும் வாசித்திருக்கிறார். ஆனால் 1969-இல் வந்த பரிட்டோஸின் முதல் ஆல்பம் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 164-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1976-இல் வந்த ஈகிள்ஸின் ஹிட்ஸ் தொகுப்புக்கு அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கம் 2018-இல் 38 மடங்கு பிளாட்டினம் சான்றிதழ் கொடுத்தது. ஒரு பிளாட்டினம் என்பது பத்து லட்சம். ஆக 3.8 கோடி, இன்றைய ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்த கணக்கு.

தம்பிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன். அவரைப் போல யோசிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஈகிள்ஸ். இவர்களைச் சந்தையின் பிள்ளைகள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1971-இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பின்னணி வாசிக்க வந்தவர்கள் கிளென் ஃப்ரேயும் டான் ஹென்லியும். அவர்களோடு பெர்னி லெடனும் ராண்டி மைஸ்னரும் சேர்ந்து குழுவானார்கள். முதல் ஆல்பத்தை லண்டனில் கிளின் ஜான்ஸ் தயாரித்தார். அவர் முதலில் இவர்களை மேடையில் கேட்டபோது அசரவில்லை. பிறகு ஒரு நாள் அக்கூஸ்டிக் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் சேர்ந்து பாடியதைக் கேட்டுத்தான் மனம் மாறினார். அவர் காதில் விழுந்தது சரியானது. ஈகிள்ஸின் சொத்து கிடாரில் இல்லை, குரல் சேர்க்கையில் இருக்கிறது. நான்கு பேர் பாடினாலும் யார் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இழைந்திருக்கும்.

'டேக் இட் ஈஸி' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஜாக்சன் பிரவுன் பாதி எழுதி வைத்திருந்ததை ஃப்ரே முடித்துக் கொடுத்த பாட்டு. கிடார் சாவகாசமாக நடக்கும். பிற்பாதியில் கன்ட்ரியின் தந்தி வாத்தியமான பேன்ஜோ லெடன் கையில் உள்ளே வரும், அதுவும் இரட்டிப்பு வேகத்தில். அந்தப் பேன்ஜோ யோசனை ஜான்ஸுடையது. தாளம் அப்படியே இருக்க, பாட்டுக்கு மட்டும் திடீரென்று கால் முளைத்த மாதிரி இருக்கும். 1972-இல் அது 12-ஆம் இடம் வரை போனது.

இனி வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது. மலிவாக எங்கும் கிடைக்கும் அந்த ஹிட்ஸ் தொகுப்பில் பத்துப் பாட்டுகள்தான். அதில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கிடையாது. தொகுப்பு வந்தது 1976 பிப்ரவரியில். அந்தப் பாட்டு வந்தது அந்த வருடக் கடைசியில். ஹாஸ்டல் மொட்டை மாடியில் அந்தப் பாட்டின் கிடாரைக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவது சகஜம். இன்னொன்று: தொகுப்பில் பாட்டுகளை வந்த வரிசைப்படி அடுக்கிக் கேட்டால் கன்ட்ரி வாசனை மெல்லக் குறைவது தெரியும். 1974-இல் ராக் சத்தம் கூடுதலாக வேண்டும் என்று தயாரிப்பாளரை மாற்றினார்கள், கிடார்க்காரர் டான் ஃபெல்டரைச் சேர்த்தார்கள். 1975 கடைசியில் லெடன் விலகினார், அந்த இடத்துக்கு ஜோ வால்ஷ் வந்தார். பேன்ஜோவும் போய்விட்டது. ஆக, கன்ட்ரி ராக் கேட்கத்தான் ஈகிள்ஸ் வேண்டுமென்றால் 1972-இன் முதல் ஆல்பமே சரி. அது வெறும் 'ஈகிள்ஸ்' என்ற பெயரில் வந்தது. கோடிகளில் விற்ற தொகுப்பு அல்ல.

இப்போது மறுபக்கம். இங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

கதை பரிட்டோஸுக்கு முன்பே, பேர்ட்ஸ் குழுவில் தொடங்குகிறது. 1968 தொடக்கத்தில் கிராம் பார்சன்ஸ் பேர்ட்ஸில் சேர்ந்தார். வயது 21. ஃப்ளோரிடாவில் பெரும் ஆரஞ்சுத் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பத்தின் பேரன், ஜார்ஜியாவில் வளர்ந்தவர், ஹார்வர்டில் சில மாதம் மட்டும் படித்தவர். ராக் குழுவாகப் பேரெடுத்திருந்த பேர்ட்ஸை அவரும் பேஸ் கிடார் வாசித்த கிறிஸ் ஹில்மனும் சேர்ந்து கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த மார்ச் 15-ஆம் தேதி கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறினார்கள். கன்ட்ரி இசைக்கு அதுதான் கோயில். நீள முடிக்காரர்களைக் கண்டதும் கூட்டத்திலிருந்து கேலிக் குரல்கள் எழுந்தன. இரண்டாவதாக மெர்ல் ஹாகர்ட் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. பார்சன்ஸ் கடைசி நிமிடத்தில் அதை விட்டுவிட்டு, தன் பாட்டிக்காக என்று சொல்லி, தானும் சேர்ந்து எழுதிய 'ஹிக்கரி விண்ட்' பாட்டைப் பாடினார். ஆப்ரிக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் வந்த 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' 77-ஆம் இடத்தோடு நின்றது. ராக் கேட்பவர்களுக்கு அது பழைய கிராமத்துப் பாட்டு. கன்ட்ரி கேட்பவர்களுக்கு அது ஹிப்பிகளின் பாட்டு. இரண்டு வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்திய ஆல்பம். போதாக்குறைக்கு, பார்சன்ஸ் முன்பு செய்திருந்த வேறொரு ஒப்பந்தத்தைக் காட்டிச் சட்டச் சிக்கல் வந்ததால், சில பாட்டுகளில் அவர் குரலை நீக்கிவிட்டு ரோஜர் மக்வின் குரலை வைத்தார்கள். ஆல்பம் கடைக்கு வரும் முன்பே பார்சன்ஸ் வெளியேறியிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குப் பாடப் போகக் குழு கிளம்பியபோது வர மறுத்து விலகினார்.

சில மாதங்களில் ஹில்மனும் வெளியே வந்து அவரோடு சேர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் பரிட்டோ பிரதர்ஸ். முதல் ஆல்பத்தின் பெயர் 'த கில்டெட் பேலஸ் ஆஃப் சின்'. பதிவு செய்யும்போது நிலையான டிரம்மர்கூடக் கிடையாது, ஆள் மாறி மாறி வாசித்திருக்கிறார்கள். சில இடங்களில் அது தெரியும். ஆனால் அந்த ஆல்பத்தில் ஸ்னீக்கி பீட் கிளைனோ வாசிக்கும் பெடல் ஸ்டீல் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெடல் ஸ்டீல் என்பது மேசை மாதிரி படுக்க வைத்து வாசிக்கும் கிடார். இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைத் தந்திகள் மேல் வழுக்கவிட்டு, வலது கையால் மீட்டி, காலால் பெடலை அழுத்தித் தந்தியின் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இழைந்து போகும். நம் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைவு புதிதாக இருக்காது. நாஷ்வில்லில் அதைப் பளிங்கு போலச் சுத்தமாக வாசிப்பார்கள். கிளைனோ அதை ஃபஸ் பாக்ஸ் என்ற, ஒலியைச் சிதைக்கும் பெட்டியில் செருகிக் கரகரக்க வைத்தார். முதல் பாட்டிலேயே அந்தக் கரகரப்பு பின்னாலிருந்து சீறிக்கொண்டு வரும். இவருக்குப் பிழைப்பு வேறு; 'கம்பி' என்ற பொம்மைத் தொடருக்கு அனிமேஷன் செய்தவர். நாஷ்வில் பாணிக்குக் கட்டுப்படாத கை அவருடையது.

அந்த ஆல்பத்தில் இரண்டு சோல் பாட்டுகள் உண்டு. ஒன்று அரீதா ஃப்ராங்க்ளின் பாடியது, இன்னொன்று ஜேம்ஸ் கார் பாடியது. கறுப்பினத்தவர் இசை, வெள்ளையர் இசை என்று கடைகளும் ரேடியோக்களும் தனித்தனி அலமாரியில் வைத்திருந்த இரண்டையும் எடுத்து, இரண்டும் ஒரே மண்ணின் அழுகைதான் என்று பாடிக் காட்டினார் பார்சன்ஸ். 'கன்ட்ரி ராக்' என்ற பெயர் அவருக்குப் பிடிக்காது. 'காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்' என்றுதான் சொல்லுவார். 'மை அங்கிள்' என்றொரு பாட்டு: வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு ஓலை வந்த பையன் கனடாவுக்கு ஓட யோசிப்பதை, மாண்டலின் துள்ளும் ப்ளூகிராஸ் என்ற வேகமான கன்ட்ரி மெட்டில் வைத்திருக்கிறார்கள். 'ஹாட் பரிட்டோ நம்பர் 1' பாட்டில் பார்சன்ஸின் குரல் ஓரிடத்தில் உடைந்தே போகும். வேறு தயாரிப்பாளர் என்றால் அதைத் திரும்பப் பாட வைத்திருப்பார். உடைந்ததை அப்படியே விட்டதால்தான் அந்தப் பாட்டு ஐம்பது வருடம் கழித்தும் தொண்டையை அடைக்கிறது.

அட்டைப் படத்தில் நால்வரும் பாலைவனத்தில் நிற்பார்கள். நூடி கோன் தையல் கடையில் மானுவல் தைத்த உடுப்பு. பார்சன்ஸின் வெள்ளைக் கோட்டில் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், கால்சட்டையில் தீச்சுடர், முதுகில் சிலுவை. எந்த நாஷ்வில் அவரை மேடையில் கேலி செய்ததோ, அதே நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் அந்தக் கோட்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் விற்காமல் போனதையே ஒரு தியாகமாக்கிப் பார்சன்ஸைக் கும்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. அவருக்குக் குடும்ப அறக்கட்டளைப் பணம் வந்துகொண்டிருந்தது. பாடிப் பிழைக்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஒத்திகைக்கு வரமாட்டார், வந்தாலும் நிதானத்தில் இருக்கமாட்டார். இரண்டாவது ஆல்பம் வந்த 1970-இலேயே ஹில்மன் அவரை நீக்க வேண்டியதாயிற்று. 1973 செப்டம்பர் 19 அன்று ஜோஷுவா ட்ரீ விடுதி அறையில் இறந்தபோது வயது 26. இறந்த பிறகு வந்த 'க்ரீவஸ் ஏஞ்சல்' 195-ஆம் இடம் பிடித்தது. அவருடைய மரணத்தைப் புராணமாகப் பேசுகிறவர்கள், பாதிப் பாட்டுகளைச் சேர்ந்து எழுதிய ஹில்மனை மறந்துவிடுகிறார்கள். ஹில்மன் அதற்குப் பிறகு டெசர்ட் ரோஸ் பேண்டை நடத்தி, எண்பதுகளின் கடைசியில் கன்ட்ரி பட்டியலில் இரண்டு முறை முதலிடம் தொட்டார். 'ஸ்வீட்ஹார்ட்' ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் வாசித்த ஜேடீ மேனஸ்தான் அந்தக் குழுவிலும் வாசித்தார். இருபது வருடத்துக்கு முன் சாத்திய கதவு திறந்தது. இது எனக்குப் பார்சன்ஸின் கதையைவிடப் பெரிய கதை.

ஒரு வாரம் கேட்டதில் எனக்குத் தெளிவானது இதுதான்: விற்பனையும் செல்வாக்கும் எதிரெதிர்த் தட்டுகள் அல்ல. விற்காத ஆல்பம் தானாக யாரையும் போய்ச் சேராது. அதை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பெர்னி லெடன் அப்படித் தூக்கியவர்களில் ஒருவர். டில்லார்ட் அண்ட் கிளார்க் குழுவில் இருந்தார், பரிட்டோஸின் இரண்டாவது ஆல்பத்தில் வாசித்தார், பிறகு ஈகிள்ஸைத் தொடங்கிய நால்வரில் ஒருவரானார். ஈகிள்ஸின் 1974 ஆல்பத்தில் 'மை மேன்' என்று அவர் பாடும் பாட்டு, இறந்துபோன பார்சன்ஸுக்கு அஞ்சலி. 164-ஆம் இடத்து ஆல்பக்காரருக்கான அஞ்சலி கோடிப் பேர் குழுவின் வழியாக வீடுகளுக்குப் போயிற்று. பார்சன்ஸ் 1971-இல் பிரான்சில் ரோலிங் ஸ்டோன்ஸ் கிடார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் வீட்டில் தங்கி அவரோடு இரவெல்லாம் கன்ட்ரி பாட்டுப் பாடியது இன்னொரு வழி. ரோலிங் ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்சஸ்' பாட்டை அவர்களுக்கு முன்பே பரிட்டோஸ் வெளியிட்டுவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1981-இல் எல்விஸ் கஸ்டெல்லோ அந்த 'ஹாட் பரிட்டோ நம்பர் 1' பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடினார். 1999-இல் பார்சன்ஸுக்காக வந்த அஞ்சலி ஆல்பத்தில் வில்கோ, பெக், கஸ்டெல்லோ எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

ஈகிள்ஸுக்குச் செல்வாக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் நாஷ்வில்லைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். 1993-இல் 'காமன் த்ரெட்' என்ற ஆல்பத்தில் டிராவிஸ் ட்ரிட், ஆலன் ஜாக்சன், கிளின்ட் பிளாக், டிரிஷா இயர்வுட் என்று அன்றைய கன்ட்ரி நட்சத்திரங்கள் கூடி ஈகிள்ஸ் பாட்டுகளைப் பாடினார்கள். மறு வருடம் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான். ட்ரிட்டின் வீடியோவுக்காகப் பழைய ஈகிள்ஸ்காரர்கள் ஒன்று கூடியதும், பிரிந்திருந்த குழு 1994-இலேயே மறுபடி சேர்ந்ததும் ஒரே சரடு. அந்த ஆல்பத்தில் பாடிய வின்ஸ் கில், கிளென் ஃப்ரே இறந்த பின் 2017-இல் ஈகிள்ஸிலேயே சேர்ந்துவிட்டார். தொண்ணூறுகளில் ரேடியோவில் ஒலித்த கன்ட்ரியின் குரல் அடுக்கிலும் மினுமினுப்பிலும் ஈகிள்ஸ் இருக்கிறார்கள். பார்சன்ஸ் பாட்டெழுதுகிறவர்களை மாற்றினார். ஈகிள்ஸ் ரேடியோவை மாற்றினார்கள். முதலாவதைப் பற்றி விமர்சகர்கள் எழுதுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி எழுதுவதில்லை.

நடுவில் போக்கோ என்ற குழு இருக்கிறது. ரஸ்டி யங்கின் பெடல் ஸ்டீல் அருமை. ஈகிள்ஸின் இரண்டு பேஸ் கிடார்க்காரர்களும், மைஸ்னரும் அவர் இடத்துக்கு வந்த டிமதி ஷ்மிட்டும், அங்கிருந்து போனவர்களே. போக்கோவுக்குப் பெரிய ஹிட் கிடைத்தது 1979-இல்தான், அதற்குள் தொடங்கி வைத்த ரிச்சி ஃபுரே போய் வருடங்கள் ஆகியிருந்தன. பிறகு கேட்கலாம், முதல் ரெக்கார்டாக வேண்டாம்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இரண்டு குழுவும் இல்லை. எமிலூ ஹாரிஸின் 'எலீட் ஹோட்டல்', 1975 கடைசியில் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். வாஷிங்டன் கிளப்புகளில் ஃபோக் பாடிக்கொண்டிருந்த எமிலூவைப் பார்சன்ஸிடம் சொல்லி அனுப்பியதே ஹில்மன். பார்சன்ஸின் இரண்டு தனி ஆல்பத்திலும் அவரோடு சேர்ந்து பாடியவர் எமிலூ. பழைய கன்ட்ரி பாடகர்களான லூவின் பிரதர்ஸையும் ஜார்ஜ் ஜோன்ஸையும் எமிலூ கேட்கக் கற்றதே பார்சன்ஸிடம். பார்சன்ஸ் இறந்தபோது எமிலூ துக்கத்தில் ஒதுங்கிவிடவில்லை. அவர் பாட்டுகளைக் கையிலெடுத்தார். 'எலீட் ஹோட்டல்' ஆல்பத்தில் 'சின் சிட்டி', 'ஊ லாஸ் வேகஸ்', 'வீல்ஸ்' என மூன்று பார்சன்ஸ் பாட்டுகள் உண்டு. கூடவே பக் ஓவன்ஸ் பாட்டு, ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டு, ஒரு பீட்டில்ஸ் பாட்டு. வாசித்தது எமிலூவின் குழுவான ஹாட் பேண்ட். ஜேம்ஸ் பர்ட்டனும் கிளென் ஹார்டினும் எல்விஸ் பிரெஸ்லியோடு வாசித்தவர்கள், பார்சன்ஸின் தனி ஆல்பங்களிலும் வாசித்தவர்கள். ரிதம் கிடார் வாசித்த இளைஞர் ராட்னி கிரவெல் பின்னாளில் தானே பெரிய பாடகரானார்.

அந்த ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போயிற்று. இரண்டு பாட்டுகள் தனியாகவும் முதலிடம் தொட்டன. எமிலூவுக்கு கிராமி கிடைத்தது. பார்சன்ஸ் பாடி விற்காத பாட்டு, எமிலூ பாடியபோது விற்றது. விற்றதற்காக அதில் எதையும் வழித்தெடுக்கவில்லை. 'சின் சிட்டி' பாட்டில் பரிட்டோஸின் இரண்டு குரல்களும் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளாடி நடக்கும். எமிலூவின் குரல் அதே வழியில் நிமிர்ந்து நடக்கும், ஆனால் கண் கலங்கியிருக்கும். தம்பி கேட்ட இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பது எனக்குத் தெரிந்து இதில்தான்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. மூக்கால் இழுத்துப் பாடும் கன்ட்ரி குரல் உங்களுக்கு அறவே ஒத்துக்கொள்ளாது என்றால் ஈகிள்ஸின் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்; காது பழகும். நீங்களே பாட்டெழுதுகிறவர், ஒரு குழு வைத்திருக்கிறவர் என்றால் யோசிக்காமல் 'கில்டெட் பேலஸ்' வாங்குங்கள். அதில் உள்ள தவறுகளே உங்களுக்குப் பாடம். 'ஸ்வீட்ஹார்ட்' ஆல்பம் நான்காவதாக வரட்டும். கதை தெரிந்து கேட்டால்தான் அதன் துணிச்சல் புரியும்.

சிடி போதும் என்பவர்களுக்குச் செலவு இன்னும் குறையும். பார்சன்ஸின் இரண்டு தனி ஆல்பமும் சேர்ந்து ஒரே சிடியாக வந்திருக்கிறது. பரிட்டோஸின் முதல் இரண்டு ஆல்பமும் 2000-இல் வந்த 'ஹாட் பரிட்டோஸ்' தொகுப்பில் அடக்கம்.

'எலீட் ஹோட்டல்' ரெக்கார்டின் கடைசிப் பாட்டு 'வீல்ஸ்'. தம்பியிடம் அதைக் கேட்டு முடித்ததும் ஊசியை எடுத்துவிட்டு, போனில் பரிட்டோஸ் பாடிய 'வீல்ஸ்' பாட்டைத் தேடிப் போடச் சொன்னேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணே, அடுத்த சம்பளத்துல அந்தக் கஞ்சா இலைக் கோட்டுக்காரர் ரெக்கார்டு. எங்க கிடைக்கும்?"